பதினொரு பகுதிக் குழுவும் சீனிமுகம்மதின் நாக்கும்

சமுகமளித்தோர்:

டொக்டர் பக்கீர் முகைதீன், ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரி (தலைவர்)
டொக்டர் கனகசிங்கம், வார்டுப் பகுதி
டொக்டர் ஜவுபர், பல் பகுதி
மேட்ரன் நேசம்மா, தாதியர் பகுதி
திரு. முருகேசு, களஞ்சியப் பகுதி
ஜனாப் கச்சிமுகம்மது, அம்புலன்ஸ் பகுதி
ஜனாப் அப்துல் ஸமட், பிரேத அறைப் பகுதி
சமையல், சலவை, மின்சாரம், தோட்டம் ஆகிய பகுதிகளுக்கு ஒவ்வொருவர்
கதவருகே: பியோன் மசூர்
நோயாளி: சீனிமுகம்மது (பேச உரிமையில்லை)

முதற்கூட்டத்தின் அறிக்கை இப்படித்தான் தொடங்குகிறது. அன்று சீனிமுகம்மதின் நாக்கில், இடப்பக்க ஓரத்தில் இருந்த புண் ஒரு பயறு அளவு.

சீனிமுகம்மது சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். கரைவலை ஏறி, கீரிமீன் மணலில் குவிந்ததும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் “ஒருதரம்” என்றால் பக்கத்து ஊரான மாளிகைக்காட்டில் கேட்கும். “மூணுதரம்” என்ற பிறகு எந்த வியாபாரியும் விலையை மறுத்ததில்லை. மறுத்தால் அதையே இன்னும் உரத்துச் சொல்லுவார் என்ற பயம். வாயில் எந்நேரமும் வெற்றிலை. புண் வந்தபோது சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று நினைத்தார். சுண்ணாம்பை மாற்றினார். பாக்கை மாற்றினார். கடைசியில் மனைவி மைமூனாவின் ஏச்சுத் தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

வார்டு டொக்டர் கனகசிங்கம் மட்டக்களப்பிலிருந்து வந்த இளைஞர். தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. அவர் நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். புண்ணை விரலால் அழுத்தினார். பிறகு கை கழுவப் போய், தேவைக்கு மேல் நின்று கழுவினார்.

“இது நல்ல புண் இல்ல காக்கா,” என்றார், அவ்வூரார் அண்ணனை அழைப்பதுபோல. “புற்று. கொழும்புக்குப் போகோணும். இப்ப போனா நாக்கில ஒரு ஓரத்தத்தான் வெட்டுவாங்க. சுணங்கினா கூட வெட்டுவாங்க.”

“வெட்டினா ஏலம் கூற ஏலுமா டொக்டர்?”

“ஓரம்தானே. கூறலாம்.”

பொறுப்பதிகாரி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் மறுநாள் சீனிமுகம்மது கொழும்பில் இருந்திருப்பார். ஆனால் அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்திருந்தது.

புற்றுநோயாளி விடயத்தில் ஒரு வைத்தியர் தனியே முடிவெடுக்கலாகாது. சத்திரசிகிச்சை செய்பவர், கதிர் வைப்பவர், சதையைச் சோதிப்பவர், பராமரிப்பவர் என்று சம்பந்தப்பட்ட யாவரும் ஒன்றாக அமர்ந்து ஆலோசிக்க வேண்டும் என்று அது சொன்னது. நல்ல சுற்றுநிருபம். ஒருவர் கண்ணுக்குத் தப்புவது மற்றவர் கண்ணில் படும் என்பதே அதன் சாரம். அதில் எவரும் குறை சொல்ல முடியாது. குறை என்னவென்றால், அந்த ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை, கதிர் வைப்பவர் இல்லை, சதையைச் சோதிப்பவர் இல்லை. சமையலறை இருந்தது. சலவைத் தொட்டி இருந்தது. வாசலில் செவ்வரத்தைப் பாத்தி இருந்தது.

டொக்டர் பக்கீர் முகைதீன் மரைக்கார் வீட்டுப் பிள்ளை. அவருடைய ஊர்ப் பள்ளிவாசலில் குடிக்கு, அதாவது வம்சத்துக்கு, ஒரு மரைக்கார் நிர்வாகத்தில் இருப்பார். எல்லா மரைக்கார்மாரும் வந்து உட்காராமல் ஊர் விருந்தான கந்தூரிக்கு அரிசி ஊறப்போட முடியாது. ஒரு குடியை விட்டுவிட்டு ஊறப்போட்டால் அந்தக் குடி சட்டியைக் கவிழ்க்கும். ஒன்றாக அமர்ந்து ஆலோசிப்பதில் அவர் அறிந்த முறை இது ஒன்றுதான். எனவே ஆஸ்பத்திரியை ஓர் ஊராகவும் அதன் பகுதிகளைக் குடிகளாகவும் எடுத்துக்கொண்டார். பதினொரு பகுதிகள் தேறின. பதினொரு பேரும் இருந்தால்தான் கூட்டம். ஒருவர் குறைந்தாலும் அது கூட்டமில்லை என்று முதல் விதி எழுதப்பட்டது. உறுப்பினரைப் ‘பகுதி மரைக்கார்’ என்று அழைக்கலாம் என்பது இரண்டாம் விதி. நேசம்மாவையும் முருகேசுவையும் அப்படி அழைப்பது சரிவருமா என்ற கேள்வி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

தலைவர் எழுந்து உரையாற்றினார்.

“சபையோரே, இந்த முறையிட பலன் என்னெண்டு செல்லுறன், கேளுங்க. ஒரு டொக்டர் தனிய முடிவெடுத்து நோயாளி மவுத்தானா, சனம் அந்த டொக்டரத்தான் ஏசும். பதினொரு பேர் சேந்து முடிவெடுத்து மவுத்தானா, ஆர ஏசுற? ஒருத்தரையும் ஏச ஏலா. எல்லாம் நோயாளிட நன்மைக்காகத்தான்.”

எல்லோரும் மேசையில் தட்டினார்கள். சீனிமுகம்மதும் தட்டினார். அவருக்குத் தட்ட உரிமை உண்டா என்று முருகேசு கேட்டார்.

கனகசிங்கம் எழுந்தார். “சேர், நோயாளி இவர். புண் இது. கொழும்புக்கு அனுப்போணும். இதில கதைக்க என்ன இருக்கு?”

“தம்பி, நீங்க செல்லுறது சரி,” என்றார் தலைவர் அன்பாக. “அதுதான் இதில உள்ள பிரச்சின. சரியானத ஒராள் தனியச் செல்லப்படா. அது மத்தவங்களுக்கு மரியாதக் கொறவு. இரிங்க.”

கனகசிங்கம் உட்கார்ந்தார்.

மிச்ச நேரம் கதிரை ஒழுங்கில் போயிற்று. பிரேத அறைக்குக் கீழே தன்னை உட்கார்த்தியதைச் சமையல் பகுதி ஏற்கவில்லை.

“என்ட சாப்பாட்டத் திண்டுபோட்டுத்தான் ஆக்கள் அவர்ட பகுதிக்குப் போற. அப்ப ஆர் முந்தி?”

அப்துல் ஸமட் நிதானமானவர். “ஓம், அது உண்மதான். மாறி இரிப்பம்,” என்று எழுந்துகொண்டார். இனி அவசரமாக ஏதும் சொல்ல இருக்கிறதா என்று தலைவர் அவரிடம் கேட்டார். “என்ட பகுதிக்கு ஒரு அவசரமும் இல்ல. நாங்க எப்பயும் தயார்,” என்றார். அது அறிக்கையில் பாராட்டுடன் பதியப்பட்டது.

இரண்டாம் கூட்டத்தில் புண் எந்தப் பகுதிக்கு உரியது என்ற கேள்வி எழுந்தது. உரிய பகுதி எதுவென்று தெரியாமல் யார் பிரேரிப்பது?

“பல்லெண்டா என்ட,” என்றார் பல் டொக்டர் ஜவுபர். “பல்லு முரசும் என்டதான். நாக்கு என்ட இல்ல. அது சும்மா என்ட காணிக்குப் பக்கத்தில கிடக்கு.”

“அப்ப வார்டுக்குரியது,” என்றார் தலைவர்.

“எனக்குச் சம்மதம் சேர். நான் பிரேரிக்கிறன். கொழும்புக்கு...”

“பொறுங்க டொக்டர்,” என்றார் களஞ்சியப் பொறுப்பாளர் முருகேசு. அவருக்கு நாவிதன்வெளியில் வயல் உண்டு. வரம்பு வழக்கும் உண்டு. “காணியப் பாக்காமக் கதைக்கப்படாது. அந்தப் புண் பல்லில முட்டுதெண்டு சொல்லுறாங்க. முட்டினா அது ரெண்டு காணிக்கும் பொது. ஒரு கட்சி போய் வரம்பு பாக்கோணும்.”

வரம்பு பார்க்க உபகுழு அமைந்தது. சீனிமுகம்மது ஜன்னலோரம் நிறுத்தப்பட்டு வாயைத் திறந்தார். மசூர் டோர்ச் பிடித்தான். பதினொரு பேரும் வரிசையில் வந்து பார்த்தார்கள். சலவைப் பகுதி இந்த வெற்றிலைக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது என்று தன் துறைசார்ந்த கருத்தைச் சொன்னது. மின்சாரப் பகுதி டோர்ச் பற்றரி பலவீனம் என்றது. பல்லில் புண் முட்டவில்லை, நூலளவு இடைவெளி இருக்கிறது என்று பெரும்பான்மையாக முடிவானது. பின்னாளில் தகராறு வராமலிருக்க, காயத்துக்குப் பூசும் ஊதா மருந்தைத் தொட்டு, நாக்கில் நெடுக ஒரு கோடு கீறினார்கள். கோட்டுக்கு அந்தப்பக்கம் பல், இந்தப்பக்கம் வார்டு.

ஊதா நாக்கோடு சீனிமுகம்மது வீட்டுக்குப் போனார்.

“என்னகா இது?” என்றாள் மைமூனா. “மருந்து போட்டாங்களா?”

“மருந்தில்ல. வரம்பு.”

மைமூனா கையிலிருந்த காப்பைத் தொட்டுப் பார்த்தாள். “இஞ்சாருங்க, நாளைக்கு பஸ்ஸேறி நம்மளே கொழும்புக்குப் போவம். என்ட காப்பு இரிக்கி, அடகு வெப்பம்.”

“விசரா உனக்கு? பதினொரு பேர் எனக்காக எல்லா வேலையையும் போட்டுட்டு இரிக்காங்க. ஐயா, டொக்டர்மார், மிஸ்ஸி. நான் எழும்பிப் பஸ்ஸேறினா அவங்களுக்கு என்ன மரியாத?”

“அவங்க மரியாத உங்கட நாக்கிலயா இரிக்கி?”

“உனக்கு விளங்காது புள்ள. என்ட வாழ்க்கையில ஒருத்தனும் என்னப் பற்றி இவ்வளவு நேரம் கதைச்சதில்ல.”

அது உண்மை. அவர் காலமெல்லாம் மற்றவர்களின் மீனைப் பற்றித்தான் கூறியிருக்கிறார்.

மூன்றாம் கூட்டத்தில் வாயைத் திறந்து பார்த்தபோது புண் கோட்டைத் தாண்டியிருந்தது. தலைவர் அதை ‘எல்லை மீறல்’ என்று பதியச் சொன்னார். யாருடைய அனுமதியுடன் தாண்டியது என்று முருகேசு கேட்டார். கனகசிங்கம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். இதுவும் பதியப்பட்டது: ‘வார்டுப் பகுதி ஆழ்ந்து சிந்தித்தது.’

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து திணைக்கள அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். சுற்றுநிருபம் எங்கெங்கே நடைமுறையாகிறது என்று பார்ப்பது அவர் வேலை. மற்ற இடங்களில் மூன்று துறை, நான்கு துறை என்று கேட்டுச் சலித்திருந்தவர், இங்கே பதினொன்று என்றதும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பதினொன்றா? தலைநகரத்திலேயே இல்லை! பிரேத அறையைக்கூடச் சேர்த்திருக்கிறீர்களே. இதுதான் முழுமையான பார்வை. நோயாளியின் தொடக்கம் முதல் கடைசிவரை!”

“ஒரு சேவைதானே சேர்,” என்றார் அப்துல் ஸமட் பணிவாக.

“இந்தக் குழு வந்த பிறகு இந்த ஆஸ்பத்திரியில புற்றுநோய் விசயமாப் பிழையான முடிவு ஒண்டுகூட எடுபடல்ல,” என்றார் தலைவர்.

“சரியான முடிவு?” என்றார் கனகசிங்கம் மெல்ல.

“அதுவும் எடுபடல்ல தம்பி. நாங்க பக்கம் சார்றதில்ல.”

அதிகாரி நோயாளியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். ஊதா நிறம் விழும் என்பதால் சீனிமுகம்மதை வாயை மூடச் சொன்னார்கள். பிறகு ஜீப் கொழும்புக்குத் திரும்பியது. பின்சீற்றில் ஒரு பெட்டி மாம்பழமும், ஒரு மருதமுனைச் சாரமும் போயின. அவற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். ஆனால் அப்படியொரு தீர்மானம் இல்லை.

அந்தக் கிழமையே தோட்டப் பகுதி பென்சனில் போயிற்று. புதிய தோட்டக்காரன் நியமனமாகவில்லை. பத்துப் பேர். கூட்டமில்லை. இரண்டு முறை கூடினார்கள். இரண்டு முறையும் எண்ணிப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். இரண்டு முறையும் சீனிமுகம்மது நேரத்துக்கு வந்து, சுவரோரம் நின்று, நேரத்துக்குப் போனார்.

அவரைப் பார்த்துக்கொண்டிருந்த தலைவருக்கு வழி பிறந்தது.

“இந்த ஆஸ்பத்திரியில ஆகக் கூடின சனமுள்ள குடி எது? நோயாளிக் குடி! அதுக்கு ஒரு மரைக்கார் இல்ல. இது எவ்வளவு பெரிய அநீதி. சீனிமுகம்மது காக்கா ஒரு கூட்டத்தையும் தவறவிடாத ஆள். இனி அவர்தான் நோயாளிப் பகுதி மரைக்கார்.”

சீனிமுகம்மதுக்குக் கதிரை வந்தது. முன்னால் தேநீரும், சோசரில் இரண்டு மாரி பிஸ்கட்டும் வந்தன. பிஸ்கட்டைக் கடிக்க முடியவில்லை. தேநீர் சுட்டது. ஆனாலும் அவர் கண் கலங்கியது. கடற்கரையில் வியாபாரிகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். “மரைக்காரே, வாங்க” என்றார்கள். மீனை மட்டும் வேறொருவன் கூறினான். சீனிமுகம்மதின் “ஒருதரம்” இப்போது முன்வரிசைக்கே விளங்கவில்லை. நாக்கு வாய்க்குள் வேறு யாருடையதோபோலத் தடித்துக் கிடந்தது.

“மரைக்கார் பொண்டாட்டி எண்டு எனக்கும் கதிரை போடுறாங்க,” என்றாள் மைமூனா. “கபுறுக் குழிக்குப் பக்கத்தில போட்டாலும் கதிரதானே.”

சீனிமுகம்மது கையை அசைத்தார். சொல்வது நோகும்.

இதற்குப் பிறகு வந்த கூட்டம்தான் எல்லாவற்றையும் முடித்துவைக்க வேண்டியது. பதினொரு பேரும் இருந்தார்கள். கனகசிங்கத்தின் பிரேரணை மேசையில் இருந்தது. பல் பகுதி எதிர்ப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. மைமூனா ஒரு பையில் சாரமும் சேர்ட்டும் மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “அடுத்த விசயம் சீனிமுகம்மது மரைக்காரிட நாக்கு. தன்ட விசயம் வரக்குள்ள உறுப்பினர் சபையில இரிக்கப்படா. இது பள்ளிவாசல்லயும் உள்ள ஒழுங்கு. மரைக்கார் தயவுசெஞ்சி வெளிய போங்க.”

சீனிமுகம்மது எழுந்து வெளியே போனார். மசூர் கதவைச் சாத்தினான்.

மேட்ரன் நேசம்மா எண்ணினார். “சேர், பத்துப் பேர்தான் இருக்கம்.”

“பத்துப் பேரோட கூட்டம் இல்ல,” என்றார் தலைவர். “கூட்டம் இல்லாட்டி அவர்ட நாக்கப் பற்றிக் கதைக்க ஏலா. கதைக்காட்டி அவர் வெளிய நிக்கத் தேவ இல்ல. மசூர், மரைக்காரக் கூப்பிடு.”

சீனிமுகம்மது வந்து உட்கார்ந்தார்.

“இப்ப பதினொண்டு. கூட்டம் சரி. அடுத்த விசயம் மரைக்காரிட நாக்கு. மரைக்கார் வெளிய.”

அவர் போனார். எண்ணினார்கள். அவர் வந்தார். எண்ணினார்கள். தறியில் ஓடுகிற நாடாவைப்போல் அவர் போய்வந்துகொண்டிருந்தார். நெய்யப்படுவது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் வெளியே வரும்போது மைமூனா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் கையைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

“அவர் ராஜினாமாச் செஞ்சா என்ன?” என்றார் முருகேசு.

“ராஜினாமாவ ஏற்கிறதும் அவர்ட விசயம்தானே. அதுக்கும் அவர் வெளிய போகோணும்.”

“தோட்டத்துக்கு வேற ஆளப் போட்டா?” என்றது சலவைப் பகுதி.

“போடலாம். அதுக்கு ஒரு தீர்மானம் எடுக்கோணும். எடுக்கிறதுக்கு இவர் வேணும். எடுத்தாப் பிறகு இவர் வேணாம். வேணாமெண்டுறது இவர்ட விசயம்.”

மின்சாரப் பகுதிக்கு ஒரு யோசனை வந்தது. மரைக்கார் வாசற்படியில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நிற்கலாம். உள்ளே உள்ள காலால் ஆள் எண்ணிக்கை சரிவரும். வெளியே உள்ள காலால் ஒழுங்கும் காக்கப்படும். சீனிமுகம்மதை அப்படியே நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியதும் கதவைச் சாத்த முடியவில்லை. சாத்தாவிட்டால் இரகசியம் போய்விடும். அதோடு, எந்தக் காலை ஆளாகக் கணக்கெடுப்பது, வலதா இடதா என்ற கேள்வியும் வந்தது. வலது என்று சிலர். உள்ளே எந்தக் கால் இருக்கிறதோ அது என்று சிலர். சண்டை வலுத்தது. அது தீரும்வரை சீனிமுகம்மதை முழுதாக வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

பத்துப் பேர் என்பதால் அது கூட்டமில்லை. கூட்டமில்லை என்பதால் எழுந்து போக எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. முதலில் ஜவுபர் சிகரெட் பற்றவைக்க வெளியே வந்தார். வார்டில் ஒரு கிழவருக்கு மூச்சு இழுக்கிறது என்று நேசம்மாவை யாரோ கூப்பிட, அவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, உள்ளே போக மனமில்லாமல் வாங்கில் குந்தினார். கச்சிமுகம்மது பீடியோடு வந்தார். கனகசிங்கம் எதற்கென்று இல்லாமல் வந்தார். வலது கால், இடது கால் என்ற சத்தத்தில் உள்ளே எவரும் இவர்களைத் தேடவில்லை.

வாங்கில் சீனிமுகம்மது சுவரில் சாய்ந்து, கைலேஞ்சியால் வாயைப் பொத்தியிருந்தார். கைலேஞ்சியில் இரத்தம்.

“காக்கா, வாயத் திறங்க பாப்பம்,” என்றார் ஜவுபர். சிகரெட்டைச் சுவரோரத்துக் கல்லில் வைத்தார். இத்தனை நாளும் அவர் வரம்பைத்தான் பார்த்திருந்தார். இப்போது வாய்க்குள் பார்த்தார். “டொக்டர், இந்தக் கடவாய்ப் பல்லு ரெண்டும் ஊத்தை. இதுகளோட அனுப்பினா அங்க கதிர் வெச்சாப் பிறகுதான் பிடுங்குவாங்க. கதிர் பட்ட தாடையில பல்லுப் பிடுங்கினா எலும்பு அழுகும். நான் இப்பவே பிடுங்கிர்றன். அங்க அவங்க தொடங்குறதுக்குள்ள ஆறிரும்.”

“எனக்கு அது தெரியாது,” என்றார் கனகசிங்கம்.

“எப்படித் தெரியும்? எங்கள ஒருத்தரும் கதைக்க விடல்லயே.”

கனகசிங்கம் தாடைக்குக் கீழே தடவினார். ஒரு கட்டி விரலில் உருண்டது. அவர் ஜவுபரின் விரலைப் பிடித்து அதில் வைத்தார்.

“என்ன சாப்பிடுறார் தங்கச்சி?” என்று நேசம்மா மைமூனாவைக் கேட்டார்.

“கஞ்சித்தண்ணி மிஸ்ஸி. அதுவும் குடிக்கக்குள்ள பொரையேறுது. படுக்க ஏலா. இரிந்துதான் நித்திர.”

“அப்ப வண்டியில படுக்கவைக்கப்படாது. குந்தவைச்சுத்தான் கொண்டு போகோணும். ஒரு மிஸ்ஸியக் கூட அனுப்புறன். மூக்கால ரியூப் போட்டுக் கஞ்சி குடுக்கலாம்.”

“மகா ஓயாப் பக்கம் ரோட்டு வெட்டிக் கிடக்கு,” என்றார் கச்சிமுகம்மது. “இப்ப எடுத்தா வெளிச்சத்தோட மகியங்கனை தாண்டலாம். சுணங்கினா யானை.”

கனகசிங்கம் சீனிமுகம்மதின் முன்னால் குந்தினார். “காக்கா, உள்ளதச் சொல்லுறன். முதல் நாள் வந்தப்ப ஒரு ஓரம் எண்டன். இப்ப ஓரம் இல்ல. நாக்கில பாதிக்கு மேல போகும். உசிரு கிடைக்கும் எண்டும் சத்தியம் பண்ண மாட்டன். போனா ஒரு வழி இருக்கு. போகாட்டி இல்ல. நீங்கதான் சொல்லோணும்.”

இத்தனை கூட்டங்களில் அவரிடம் இதை எவரும் கேட்டதில்லை. சீனிமுகம்மது வாயிலிருந்து கைலேஞ்சியை எடுத்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். “மக... கலியாணம்... பாக்கோணும். ஏலம்... ஆரும்... கூறட்டும்.”

“வீட்ட எப்பயும் நான்தானே கதைக்கிற,” என்றாள் மைமூனா. “இனி எதிர்க்கத வராது. அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜவுபர் கல்லில் வைத்த சிகரெட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பார்க்க வேண்டியதைப் பார்த்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, கேட்க வேண்டியவரிடம் கேட்டு முடிவெடுக்க அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. சுற்றுநிருபம் எழுதியவர் இதைத்தான் நினைத்திருப்பார்.

கனகசிங்கம் மருந்துத் துண்டொன்றில் எழுதத் தொடங்கினார். “அங்க வார்டில என்னோட படிச்சவன் ஒருத்தன் இருக்கிறான். முத்திரையப் பாக்க மாட்டான். வாயப் பாப்பான்.” இந்தத் துண்டை அவர் முதல் நாளே எழுதியிருக்கலாம். அன்று அவருக்குத் தகுதிகாண் காலம் நினைவுக்கு வந்தது. நண்பன் நினைவுக்கு வரவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

“வண்டிக்கு ஐயாட கையெழுத்து வேணுமே,” என்றார் நேசம்மா. “இல்லாம எடுத்தா உங்கட வேலை போயிரும் கச்சிமுகம்மது.”

கச்சிமுகம்மது பீடியைக் காலால் நசுக்கினார். “என்ன வேலையால நிப்பாட்டுறதெண்டாலும் கூட்டம் போட்டுத்தானே நிப்பாட்டோணும்? பதினொரு பேர் வேணும். அதில நான் ஒராள். என்ட விசயமெண்டு நான் வெளிய போவன். பிறகு பத்துப் பேர்.” அவர் வண்டித் திறப்பை விரலில் சுழற்றினார். “நான் பென்சன் போகும் மட்டும் எண்ணிக்கிட்டு இரிக்கட்டும். சீனிமுகம்மது மச்சான், எழும்புங்க.”

ஜவுபர் சீனிமுகம்மதைக் கைத்தாங்கலாகப் பல் அறைக்குக் கூட்டிப்போனார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சற்றுக் கழித்து இன்னொன்று. பிறகு அவர் வாயில் பஞ்சைக் கடித்தபடி வந்தார். மைமூனா பையோடு முன்னால் நடந்தாள். முற்றத்தில் அம்புலன்ஸ் இருமிக்கொண்டு நின்றது. ஒருமுறை இருமினால் அணைந்துவிடும். மூன்று முறை தள்ளினால்தான் கிளம்பும் என்பது ஊருக்கே தெரியும்.

“ஐயா இப்ப வெளிய வந்து வண்டியக் கண்டா இறக்கிப்போடுவார்,” என்றார் நேசம்மா.

உள்ளே சத்தம் குறைந்திருந்தது. வலது காலா இடது காலா என்பதில் ஏதோ இணக்கம் வந்துகொண்டிருந்தது. யாரோ கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

கனகசிங்கம் துண்டை வண்டியோடு போகும் மிஸ்ஸியிடம் கொடுத்தார். சேர்ட்டைச் சரிசெய்துகொண்டு கதவருகே வந்தார்.

“மசூர், நான் உள்ளுக்குப் போறன். போனதும் பூட்டுங்க.”

“உள்ளுக்கா டொக்டர்? நீங்களா?”

“ஓம். வெளியால பூட்டுங்க.”

“ஐயா கேட்டா?”

“இரகசியம் காக்கிறதுக்கு எண்டு சொல்லுங்க. சந்தோசப்படுவார்.”

அவர் உள்ளே போனார். எழுந்து நின்ற தலைவர் அவரைக் கண்டதும் மறுபடி உட்கார்ந்தார். “வாங்க தம்பி. நல்ல கட்டத்தில வந்தீங்க.”

“தலைவர் அவர்களே,” என்றார் கனகசிங்கம். அவர் குரல் இதுவரை அந்த அறையில் இவ்வளவு கனிவாக ஒலித்ததில்லை. “வாசற்படியில நிக்கிற ஆள உள்ளுக்கு எண்டு எடுக்கிறதா வெளிய எண்டு எடுக்கிறதா எண்டது லேசான விசயம் இல்ல. நீங்க எல்லாரும் அவசரப்படுறீங்க எண்டு நினைக்கிறன். முதல்ல, படி எண்டா என்ன எண்டதில இருந்து கொஞ்சம் விரிவாக் கதைக்கோணும்.”

சபையில் ஒரு திருப்தி பரவியது. முருகேசு நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். சமையல் பகுதி இன்னொரு சுற்றுத் தேநீர் ஊற்றியது. “இப்பதான் தம்பிக்கு இந்த முறையிட பெறுமதி விளங்கியிரிக்கி,” என்றார் தலைவர், நெஞ்சு நிறைந்து.

மசூர் கதவைச் சாத்தினான். பூட்டில் திறப்பைப் போட்டு ஒருமுறை திருப்பினான். முற்றத்தில் அம்புலன்ஸ் மறுபடி இருமியது. இன்னொரு முறை திருப்பினான்.